படித்த வரி, சேர்ந்த வரி

திரையில் இரண்டு எண்கள் ஓடுகின்றன. மேலே இருப்பது கம்ப்யூட்டர் இதுவரை படித்த வரி, கீழே இருப்பது டேபிளில், அதாவது புதிய கம்ப்யூட்டரின் பட்டியலில், சேர்ந்த வரி. மேலே பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம், கீழே ஏழு லட்சத்து அறுபதாயிரம். இதைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டும் மாறிவிட்டன. மாறட்டும். மாறிக்கொண்டே இருக்கும்வரை நான் மூச்சு விடலாம், நின்றால்தான் வம்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால், ரெக்கார்ட்ஸ் அறையில் நானும் ஏசியும் மட்டும். ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டரை நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அணைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்து நோயாளிகள் எல்லாரும் அதிலிருந்து பதினோரு டெக்ஸ்ட் பைலாக என் கைக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு பைல், ஒரு நோயாளி அட்டைக்கு ஒரு வரி, மொத்தம் இருபத்தேழு லட்சம் வரி. அட்டை எண், ஒரு கோடு, இன்ஷியல், ஒரு கோடு, பெயர், பிறந்த தேதி, ஊர், அட்டை போட்ட நாள், கடைசியில் குறிப்பு. வெறும் எழுத்து, அழகு இல்லை, கட்டம் இல்லை, நோட்பேடில் திறந்தால் கம்ப்யூட்டரே திக்குமுக்காடி நின்றுவிடும். இத்தனையும் புதிய டேபிளுக்குள் ஏறி முடிந்தால்தான் எல்லா வார்டிலும் புதிய திரை திறக்கும். பதினொன்றே முக்காலுக்கு டிரஸ்டி அம்மா வந்து குத்துவிளக்கு ஏற்றித் திறந்து வைக்கிறார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் முடிந்தாக வேண்டும். முன்வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு வாழைமரம் கட்டிய ஆஸ்பத்திரி நாங்களாகத்தான் இருப்போம். ஒன்பது மணிக்கே கேசரி வாசனை வந்தது, எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்பார்களா தெரியவில்லை, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

சாப்பிடாததற்குக் காரணம் பதினாலாம் பெட். என் அண்ணன் பேச்சிமுத்து ஆண்கள் வார்டில் பதினாலாம் பெட்டில் கிடக்கிறான். சர்க்கரைப் புண், வலது குதிகால், இரண்டு மாதமாக மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். வாடை வந்த பிறகுதான் மதினி போன் பண்ணினாள். நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு, பழைய திரை அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, காகிதச் சீட்டில் அட்மிட் ஆனான். இன்று பன்னிரண்டரைக்குப் புண்ணைச் சுத்தம் பண்ணுகிறார்களாம், ஞாயிறு என்று தள்ளிப்போட முடியாது, கால் தாங்காது என்று டூட்டி டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "அண்ணே, அந்த ஊசி ஒனக்கு ஒத்துக்காதுன்னு சிஸ்டர்கிட்ட சொன்னியா" என்று கேட்டேன். "அதான் நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கியே, பொறவு நான் வேற என்னத்துக்குட்டி வாயடிக்கணும்" என்றான். அப்படியே திரும்பிப் படுத்துவிட்டான். அவன் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டான், அதுதான் அவனுடைய பெரிய சீக்கு. பதிமூன்று லட்சத்து ஐம்பதாயிரம். எட்டு லட்சத்துப் பதினேழாயிரம்.

இரண்டு எண்ணுக்கும் இடையே ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பயப்பட வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் வர வேண்டும் என்றுதான் ஒரு ஏற்பாட்டையே செய்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஜாதியில்லை. காணாமல் போடுவார்கள், குழந்தை கிழித்துவிடும், மழையில் நனையும். கவுன்டரில் வந்து "புது அட்டை போடுங்கம்மா" என்று நிற்பார்கள், கூட்டத்தில் பழையதைத் தேட நேரமிருக்காது, புது எண் கொடுத்துவிடுவோம். ஒரே ஆளுக்கு நாலு அட்டை, ஐந்து அட்டை. எங்கள் சூப்பிரண்டு இசக்கியப்பன் சார் போன மாதம் மீட்டிங்கில் கறாராகச் சொல்லிவிட்டார், "புதுசுல ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் இருக்கணும்." எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. புரோகிராம் கொடுத்த கம்பெனிப் பையன்கள் அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் வழி கண்டுபிடித்தேன். இன்ஷியலும் பெயரும் பிறந்த தேதியும் ஊரும் நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். பழைய வரிமேல் புதிய வரி உட்கார்ந்துகொள்ளும், கடைசியாக வந்தது நிற்கும். பத்தாயிரம் வரியை எடுத்து ஏற்றிப் பார்த்தேன், அழகாக வந்தது. சார் நாலு பேர் முன்னால் "இருவது வருசமா இவள டைப் அடிக்கவே விட்டு வச்சிருக்கோம் பாரு" என்று சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. அந்த வார்த்தையையே மென்றுகொண்டு போனேன். நாற்பத்தேழு வயதில் யாராவது மூளை இருக்கிறது என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன் அடித்தது. சார்தான். வண்ணார்பேட்டையில் அவர் மச்சினர் மகள் கல்யாணம், முகூர்த்தம் பத்தரை பன்னிரண்டு, பின்னால் கெட்டிமேளம் காதைக் கிழித்தது. "பகவதி, எவ்வளவு ஏறிருக்கு?" "பாதிக்கு மேல சார்." "தாலி கட்டுனதும் மொய்ய எழுதிட்டு கெளம்பிருதேன். பதினொன்றரைக்கு அங்க நிப்பேன். நடுவுல ஒண்ணும் நிக்கலல்லா?" "இல்ல சார்." "நிக்காம பாத்துக்கோ தாயி. வார மே முப்பத்தொண்ணோட நானும் போயிருவேன், இத ஒண்ண ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டன்னா எனக்குப் போதும்." வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். அதட்டத் தெரியாது, கெஞ்சத்தான் தெரியும். கெஞ்சினால் அதட்டுவதைவிட வேலை நடக்கும். பதினான்கு லட்சத்து எண்பதாயிரம். ஆறாவது பைல் முடிந்து ஏழாவது தொடங்கிவிட்டது. மணி பத்து ஐம்பத்து நாலு.

மே முப்பத்தொன்று. போன மே முப்பத்தொன்றுக்கு மூன்று பேர் ரிட்டயர் ஆனார்கள். பார்மசி சங்கரபாண்டியன், டிரைவர் அந்தோணி, அக்கவுன்ட்ஸ் கோமதி அக்கா. மூன்று மாலை, மூன்று தட்டு, ஒரே போண்டா. அதற்கு முந்தின வருஷம் ஐந்து பேர், அன்றைக்கு மாலை பத்தாமல் ஒருவருக்குப் போட்டதைக் கழற்றி இன்னொருவருக்குப் போட்டோ எடுத்தார்கள், நாங்கள் சிரித்துக்கொண்டே கை தட்டினோம். வருஷம்தோறும் மே முப்பத்தொன்றுக்குத்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆட்கள் வயதாகிப் போகிறார்கள், நவம்பரில் யாரும் ரிட்டயர் ஆகி நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் ஜூன் ஒன்று பிறந்தநாள். எனக்கும் ஜூன் ஒன்றுதான். நான் பிறந்தது தை மாதம், பொங்கல் கழித்து நாலாம் நாள் என்று அம்மா சொல்வாள். ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் செல்லையா வாத்தியார் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, தலைக்கு மேலாகக் கை வைத்து எதிர்க்காதைத் தொடச் சொன்னார், தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஐந்து வயது, எல்லாருக்கும் ஜூன் ஒன்று. அன்றைக்குச் செம்பொன்குறிச்சியில் இருபத்தாறு பேர் ஒரே நாளில் பிறந்தோம். எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஜூன் ஒன்றாம் தேதி கேக் படமாக வந்து கொட்டும், பதினோரு பேருக்கு ஒரே வாழ்த்து, யாருக்கு என்று பெயர்கூடப் போட மாட்டார்கள். வேடிக்கைதான். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கை மேஜையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தது, மூடி திறக்கவில்லை, ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. இருபத்தாறு பேர். ஒரே ஊர். ஒரே தேதி. அந்த இருபத்தாறு பேரில் பேச்சியம்மாள் நாலு பேர், இசக்கிமுத்து மூன்று பேர். எங்கள் ஊரில் ஆட்கள் வேறு வேறு, வைக்கிற சாமி பெயர் ஒன்றுதான். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு? அவர்களுக்கு நான் இருந்தேன். கவுன்டரில் கம்ப்யூட்டர் தேதி கேட்கும், தேதி போடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. "வயசு என்ன பாட்டையா?" "இருக்கும் ஒரு அறுவது." அறுபதைக் கழித்து, முன்னால் பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் ஆறு. ஜூன் ஒன்று. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் தேதி என்பதால் விரல் தானாக அங்கே போகும். எனக்குப் பிறகு வந்தவர்கள் என்னைப் பார்த்து அதையே அடித்தார்கள். இருபது வருஷம்.

நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். நான்தான் சொன்னேன். சோதித்துப் பார்த்த பத்தாயிரம் வரி எங்கிருந்து எடுத்தேன்? கடைசி பைலிலிருந்து, போன வருஷத்து வரிகள், பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலேயே பிறந்த குழந்தைகள், அதுகளுக்கு மணி நிமிஷத்தோடு தேதி இருக்கும். நல்லாத்தான் வரும். வராமல் என்ன செய்யும். பதினைந்து லட்சத்து முப்பதாயிரம், எட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். கீழே இருக்கிற எண் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது. அரை மணி நேரமாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், பார் எத்தனை அட்டையை ஒன்றாக்கிவிட்டோம் என்று. அட்டையை ஒன்றாக்கினேனா ஆளை ஒன்றாக்கினேனா. இரு, அவசரப்படாதே, இன்ஷியல் இருக்கிறது, அப்பா பெயர் வேறாக இருந்தால் இன்ஷியல் வேறாகும், அது காப்பாற்றும். எங்கள் அப்பா முத்தையா. சித்தப்பா முப்பிடாதி. இரண்டு பேருக்கும் எம். இரண்டு பேரும் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள், வைக்காவிட்டால் குடும்பத்தில் பேச்சு வரும். வீட்டில் பெரிய பேச்சி, சின்னப் பேச்சி. செல்லையா வாத்தியாரிடம் இரண்டு பேரும் ஒரே நாளில் காதைத் தொட்டார்கள். எம் பேச்சிமுத்து, ஜூன் ஒன்று எழுபத்து நாலு, செம்பொன்குறிச்சி. எம் பேச்சிமுத்து, ஜூன் ஒன்று எழுபத்து நாலு, செம்பொன்குறிச்சி. எண்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அண்ணன் அட்டை போட்டது இரண்டாயிரத்து ஒன்பதில். நாலாவது பைல், ஏறிவிட்டது. அன்றைக்குக் கவுன்டரில் நான்தான் இருந்தேன். காய்ச்சலென்று வந்தான், பென்சிலின் போடலாமா என்று பார்க்கத் தோலுக்கடியில் ஒரு சொட்டு, வெறும் டெஸ்ட் டோஸ், அதற்கே ஐந்து நிமிஷத்தில் உதடு வீங்கிவிட்டது. கண் இரண்டும் மூடிக்கொண்டது. அண்ணன் முகம் அண்ணன் முகமாகவே இல்லை. மூச்சு இழுக்கிற சத்தம் கவுன்டர் வரைக்கும் கேட்டது, யாரோ மர நாற்காலியை இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அமலோற்பவம் சிஸ்டர் செருப்பை உதறிவிட்டு ஓடியது நினைவிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து என்னிடம் வந்து, "எந்திச்சிட்டான், அழாத. மொதல்ல கம்ப்யூட்டர்ல எழுது. அடுத்த தடவ நான் இருக்க மாட்டேன், நீ இருக்க மாட்ட, எழுத்துதான் இருக்கும்" என்றார்கள். எழுதினேன். குறிப்பு என்கிற கட்டத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், பென்சிலின் கூடவே கூடாது என்று ஆங்கிலத்தில், அழுதுகொண்டே. சிஸ்டர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், மே முப்பத்தொன்றுதான், வேறெப்போது. அதன் பிறகு அண்ணன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை, அவனுக்கு அந்த ஒரு அட்டைதான். சின்னப் பேச்சி இரண்டாயிரத்துப் பதினேழில் நாய் கடித்து வந்தான். எட்டாவது பைல். அவனுக்கு ஒரு ஊசியும் ஒன்றும் செய்யாது, நாய்தான் பாவம் என்று வீட்டில் சொல்வோம். அவன் குறிப்புக் கட்டம் காலி. பழைய வரிமேல் புதிய வரி உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக வந்தது நிற்கும். மணி பத்து ஐம்பத்தெட்டு. ஏழாவது பைல் நாலு நிமிஷத்தில் முடியும், எட்டாவது தொடங்கும். பன்னிரண்டரைக்கு வார்டு சிஸ்டர் புதிய திரையில் பேச்சிமுத்து என்று தட்டுவார்கள், ஒரே ஒரு பேச்சிமுத்து வருவான், எந்த ஊசியும் ஒத்துக்கொள்கிறவன்.

இதற்கு ஏன் இப்படிப் பதற வேண்டும். எழுந்து போய் வார்டில் சொன்னால் முடிந்தது, அறுபது படி. இல்லாவிட்டால் எல்லாம் ஏறி முடிந்ததும் அண்ணன் வரியை மட்டும் கையால் திருத்திவிடலாம், ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. விளக்கு ஏற்றட்டும், கேசரி கொடுக்கட்டும், டிரஸ்டி அம்மா கிளம்பட்டும், நாளைக்கு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளைக்கு என்பது எப்படி வரும் என்றும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை ஓ.பி.யில் எழுநூறு பேர் நிற்பார்கள், செவ்வாய்க்கிழமை இன்னொரு வேலை வரும், பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். நான் கற்பனை பண்ணுகிறேனோ என்னவோ, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். முடிந்த பைலெல்லாம் டேபிளில் இருக்கிறது, இன்னொரு ஜன்னலைத் திறந்து கேட்டால் சொல்லும். அண்ணன் பெயரை அடிக்க விரல் வரவில்லை. என் பெயரை அடித்தேன். எம் பகவதி, ஜூன் ஒன்று எழுபத்தெட்டு, செம்பொன்குறிச்சி. ஒரே ஒரு வரி வந்தது. அட்டை போட்ட வருஷம் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. குறிப்பு, டெங்கு. அதன் பக்கத்தில், இறந்தவர்.

வடக்குத் தெரு பகவதி. மூக்கன் மாமா மகள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருவாள், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள், டெங்குவில் ஐந்தே நாளில் போய்விட்டாள். நான் அட்டை போட்டது இரண்டாயிரத்து ஏழில், என் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்த நிமிஷம் இந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை நான் செத்துப் பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. அட்டையைத் தொலைத்துவிட்டு இருபத்திரண்டில் புதிது போட்டேன், அது பத்தாவது பைலில் இருக்கிறது, பதினொன்றரை வாக்கில் வரும். வந்தால் நான் பிழைத்துக்கொள்வேன், அவள் செத்ததே இல்லை என்று ஆகிவிடும். சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன், ஏசி அறையில் அது எனக்கே நன்றாக இல்லை. ஒரு ஊரில் ஒரு பகவதிக்கே இப்படி. நூற்று எழுபது ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அறுபது படி ஏறி நான் யார் யாருக்காகப் போய்ச் சொல்வேன்? அண்ணனுக்குத் தங்கை இங்கே வேலை பார்க்கிறாள். மற்ற பேச்சிமுத்துகளுக்கு யார் இருக்கிறார்கள், அவர்களுக்காக யாரோ ஒரு சிஸ்டர் யாரோ ஒரு பெண்ணிடம் எழுது என்று சொல்லியிருப்பார்கள், அவள் எழுதியிருப்பாள், அந்த எழுத்தெல்லாம் கீழே கிடக்கிறது. பதினொன்று இரண்டு. திரையில் எட்டாவது பைலின் பெயர் வந்தது.

நிறுத்தினேன். இரண்டு பட்டன், கன்ட்ரோலும் சி-யும், கவுன்டரில் வாழ்நாள் முழுக்க நகல் எடுக்க அழுத்தின அதே இரண்டு பட்டன், இந்தத் திரையில் அழுத்தினால் ஓடுவது நின்றுவிடும். எண்கள் நின்றன. பதினேழு லட்சத்துச் சொச்சத்தில் மேலே, பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே. டேபிளைக் காலி பண்ண வேண்டும். கட்டளையை அடித்துவிட்டு என்டர் தட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். ஒரு மணி நேரம் ஏறினது ஒரு நொடியில் போகும். இதைத் தட்டினால் இன்றைக்கு விளக்கு இல்லை. சாருக்கு மானம் போகும். எனக்கு கான்ட்ராக்ட் வருகிற மாதம் புதுப்பிக்க வேண்டும், இருபது வருஷமாகப் புதுப்பிக்கிறார்கள், டிரஸ்டி அம்மா கையெழுத்துதான், அவர்கள் இன்றைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து எமகண்டத்தில் திரும்பிப் போவார்கள், கையெழுத்துப் போடும்போது அது நினைவுக்கு வரும். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். தட்டினேன்.

உடனே போன் அடித்தது, பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி. "பகவதி, நான் மண்டபத்த விட்டுக் கெளம்பிட்டேன். எங்க இருக்கு?" "சார், ஒண்ணு கேக்கட்டுமா." "கேளு." "நீங்க எதுக்கு மே முப்பத்தொண்ணுல ரிட்டயர் ஆவுதீங்க?" "இது என்ன கேள்வி. எனக்கு தேதி ஜூன் ஒண்ணுல்லா." "உங்க ஊர்ல இசக்கியப்பன்னு வேற ஆள் இருக்காங்களா?" "இருக்கான், எங்க பெரியப்பா மவனே…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது எங்கள் ஆஸ்பத்திரியில்தான். "எம்புட்டு பேரு இருப்பாங்க" என்று கேட்டார், குரல் இறங்கிவிட்டது. "தெரியல சார். லட்சக்கணக்குல." "இப்ப நிப்பாட்டுனா டிரஸ்டி அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன், வாழைமரமெல்லாம் கட்டியாச்சே." "நிப்பாட்டியாச்சு சார். காலியும் பண்ணிட்டேன்." அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "யாரக் கேட்டும்மா பண்ணுன" என்றார், அதுவும் கெஞ்சுகிற மாதிரிதான். அவரே, "வேற எப்படி ஏத்தப் போற?" என்றார். "அட்டை நம்பர் படி சார். ஒரு அட்டைக்கு ஒரு வரி. நாலு அட்டை வச்சிருக்கவன் நாலு வரியா இருக்கட்டும். பொறவு ஒவ்வொருத்தரா வரும்போது கேட்டுச் சேத்துக்கிடலாம்." "அது முடிய ரெண்டு வருசம் ஆவும்லா." "ஆவும் சார்." "நான் இருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "எத்தன மணிக்கு முடியும்" என்று கேட்டார். ஒரு மணிக்கு மேல் ஆகும் என்றேன். "எமகண்டம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பதினொன்று பதினாறுக்கு மறுபடி தொடங்கினேன். முதல் பைல், முதல் வரி. மேலே ஆயிரத்து இருநூறு, கீழே ஆயிரத்து இருநூறு. மேலே எண்பதாயிரம், கீழே எண்பதாயிரம். இப்போது இரண்டும் ஒன்றாக ஏறுகின்றன, பார்க்க அழகாக இல்லை, குப்பையெல்லாம் அப்படியே ஏறுகிறது, அட்டையைத் தொலைத்தவர்கள், தொலைக்காதவர்கள், செத்தவள், நான். வெளியே வாழைமரத்துக்குப் பக்கத்தில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மணி வரைக்கும் எந்த வார்டிலும் திரை இருக்காது, பன்னிரண்டரைக்கு ஊசியோடு நிற்பவர்களுக்குக் காகிதமும் வாயும்தான். ஒவ்வொரு வார்டாக போன் போட்டேன், ஐ.சி.யு., பெண்கள் வார்டு, குழந்தைகள் வார்டு. கடைசியாக ஆண்கள் வார்டு. எடுத்தது புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் ரெஜினா. "சிஸ்டர், ரெக்கார்ட்ஸ்லருந்து பகவதி பேசுதேன். புதுத் திரை தொறக்க நேரமாவும். அதுவரைக்கும் யாருக்கு ஊசி போட்டாலும் ஏதாவது ஒத்துக்காதான்னு ஒரு ஒரு ஆளா வாயால கேட்டுட்டுப் போடுங்க." "சரிக்கா, எல்லாரையும் கேட்டுருதேன்." வைத்துவிடப் போனாள். "சிஸ்டர், பதினாலாம் பெட் எங்க அண்ணன். அவனுக்கு பென்சிலின் ஆவாது, சீட்டுல இப்பவே எழுதிருங்க. அவன்கிட்டக் கேட்டா வாயத் தொறக்க மாட்டான், கம்ப்யூட்டர்ல இருக்கும்மான்னு சொல்லுவான். நம்பிராதீங்க."